வீட்டை மாற்றி வைத்த வெள்ளெலி

ஒரு காட்டில், முள் நிறைந்த உடைமரங்கள் மட்டுமே நிற்கும் வறண்ட பக்கத்தில், மருதாயி என்னும் வெள்ளெலி வளை தோண்டிக் குடியிருந்தாள். உள்ளே இரண்டே அறைகள். இடப்பக்கம் இலவம்பஞ்சு மெத்தை. அதன்மேல் கண் திறக்காத மூன்று குட்டிகள். வலப்பக்கம் தினைக்கதிர்கள். தினையைப் பிறர் திருடாதபடி அந்த அறை வாயில் ஒரு முள்கொத்தைச் செருகி வைத்திருந்தாள்.

ஒருநாள் இரை தேடித் திரும்பியவளிடம் மூத்த குட்டி கேட்டது: "அம்மா, மத்தியானம் எங்களோடு வந்து படுத்தாயே, ஏன் உன் உடம்பு அப்படிச் சில்லிட்டிருந்தது?"

மருதாயிக்கு மயிர் கூச்செறிந்தது. "நான் வரவே இல்லையே, கண்ணு!"

"வந்தாயே! எங்களை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தாய். 'இன்னும் கொஞ்சம் கொழுக்கட்டும், நாளைக்கு வருகிறேன்' என்றாய்."

மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். வட்டம் வட்டமாக அமுங்கியிருந்தது. சுருண்டு படுத்த தடம். கட்டுவிரியன்!

அவள் வெளியே ஓடிப் பக்கத்துப் புதர் முயலிடம் சொல்லி அழுதாள்.

முயல் நடுங்கியது. "வழி கண்டுகொண்டதா? இனி விடாது. வேறு வளை தோண்ட உனக்கு நேரம் ஏது? குட்டிகளை விட்டுவிட்டு நீயாவது தப்பித்துக்கொள்!"

மருதாயி வளைக்குத் திரும்பினாள். தன்னிடம் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்த இருட்டில் பாம்புக்குக் கண் உதவாது. வந்து பழகிய வழியும் வாசனையும்தான் உதவும்.

தினையை ஓரமாக ஒதுக்கிக் குட்டிகளை அங்கே கிடத்தினாள். முள்கொத்தை இடப்பக்க அறைக்கு இழுத்துப் போனாள். குட்டிகளின் வாசனை மாறாத பஞ்சை அதன்மேல் பரப்பினாள். பிறகு தினை அறைக்குள் நுழைந்து, அதன் வாயிலை மண்ணால் அடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மறுநாள் உச்சிவேளையில் மண்மேல் ஏதோ உராய்ந்தது.

"கண்ணுகளா, அம்மா வந்திருக்கிறேன்."

அது மருதாயியின் குரலாகவே இருந்தது. பதில் சொல்ல எழுந்த கடைக்குட்டியின் வாயை அவள் இறுகப் பொத்தினாள்.

உராய்வு அவர்களைக் கடந்தது. இடப்பக்கம் திரும்பியது. நின்றது.

"தூங்குகிறீர்களா? நல்லது, நல்லது."

பாய்ந்து கவ்வியது கட்டுவிரியன். பஞ்சோடு முட்களும் அதன் வாய்க்குள் ஏறின. வளையே இடிந்துவிடும்போல் அது புரண்டது. பிறகு, திறந்த வாயை மூட முடியாமல் மெல்ல மெல்ல வெளியே ஊர்ந்தது.

அது இரத்தம் சொட்டப் போன வழியே எறும்புகள் வரிசையாகப் பின்தொடர்ந்தன.

நீதி: இல்லாததை எண்ணிக் கலங்காமல், இருப்பதை இடமறிந்து மாற்றி வைப்பவரே ஆபத்திலிருந்து தப்புவார்.