எல்லாம் பத்திரம்

சபீனாவிடம் வேலை கற்க வந்தபோது குலசேகரனுக்குத் தலை நரைத்திருந்தது. சபீனா பத்து வயது இளையவர். இருந்தாலும் அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்குக்கு சபீனாதான் குரு. அதில் குலசேகரனுக்கு வருத்தமில்லை.

அவர் எழுதிய முதல் ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், பலே ஸ்கிரிப்ட். ஒரு கட்டளை தட்டினால் போதும். கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி ஒவ்வொன்றிலும் நுழைந்து, அதன் அமைப்பை, அதாவது செட்டிங்ஸை, எடுத்து, நேற்றைய ஃபைலின் மேல் எழுதிவிடும். காலையில் 'எல்லாம் பத்திரம்' என்று மெயிலும் போடும். மனிதர் கேன்டீன் வரைக்கும் பெருமையடித்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் ரத்தப் பரிசோதனை லேபின் ஸ்விட்ச் புகைந்து போனது. புதியதை மாட்டினார்கள். பழைய அமைப்பை அதில் ஏற்றினால் வேலை முடிந்தது.

குலசேகரன் ஃபைலைத் திறந்தார். உள்ளே ஒரே வரி: 'கடவுச்சொல் தவறு.'

அடுத்த ஃபைலைத் திறந்தார். அதே வரி. எல்லாவற்றிலும் அதேதான். அட கடவுளே! போன மாதம் ஸ்விட்சுகளின் கடவுச்சொல்லை மாற்றியவர், ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருந்தார். ஸ்விட்ச் விரட்டியடித்ததைத்தான் ஸ்கிரிப்ட் தினமும் சிரத்தையாக எழுதி வைத்திருக்கிறது.



"மேடம்... ஃபைல் எதுலயும் ஒண்ணுமில்ல."

சபீனா எட்டிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து டைப் செய்யத் தொடங்கினார்.

"நான் என்ன செய்யட்டும்?"

"லேப் ரிப்போர்ட் எதுவும் இப்ப கம்ப்யூட்டர்ல போகாது. கையால எழுதிட்டிருக்காங்க. எமர்ஜென்சிக்குக் கொண்டுபோய்க் குடுங்க சார்."

கொண்டுபோனார். அங்கே ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு ரத்தம் ஏத்தணுமாம். ரிப்போர்ட் வந்தாத்தான் ஏத்துவாங்களாம். இதுல இருக்கா சார்? ஏன் இவ்ளோ நேரம்?"

அவர் கையிலிருந்த ரிப்போர்ட் கட்டுக்குள் அவள் பிள்ளையின் பெயர் இல்லை. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூனிக்குறுகித் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னார்.

"என்னைத் திட்டிடுங்க மேடம். நீங்க ஒரு வார்த்தை கேக்காம இருக்கறதுதான் தாங்கல."

சபீனா கீபோர்டை விட்டு எழுந்தார்.

"எந்த வாயால திட்டறது சார்? உங்க மெயிலுக்குத் தினமும் 'சூப்பர்'னு பதில் போட்டவ நான். ஒருநாளாவது ஃபைலைத் திறந்தேனா? நீங்க உக்காந்து மீதியை டைப் பண்ணுங்க. அடுத்த ரிப்போர்ட் கட்டை எடுத்துக்கிட்டு அந்தம்மாகிட்ட நான் போறேன்."