காய்க்காத ஹேசல் தோப்பு

பனிமலைச் சரிவில் செம்பி என்ற அணில் வாழ்ந்தது. அங்கே வளர்ந்த ஹேசல் செடிகளின் கொட்டைகள்தான் அதற்குக் குளிர்கால உணவு.

ஒரு வருடம் கடும் பனி பெய்தது. பல செடிகள் கருகின. சில மெலிந்துபோய்த் தப்பின. பாறையோரம் நின்ற ஒரு செடி மட்டும் ஒரு கிளைகூடக் கருகாமல் நின்று, கொத்துக் கொத்தாய்க் காய்த்தது.

"இனி இந்த இனம் மட்டும் போதும்!" என்றது செம்பி. அதன் வேரிலிருந்து முளைத்த பக்கக் கன்றுகளைப் பிரித்துச் சரிவு முழுவதும் நட்டது. மற்ற செடிகளின் வேர்களைக் கடித்துப்போட்டது.

கடைசியாக ஒரு மெலிந்த செடி மிஞ்சியது. அதன் அடியில் மூக்கன் என்ற எலி குடியிருந்தது.

"அக்கா, இதை விட்டுவிடு! கொஞ்சம்தான் காய்க்கும். என் பிள்ளைகளுக்கு அது போதும்!" என்று கெஞ்சியது.

"நோஞ்சானுக்கு இங்கே இடமில்லை!"

அன்றே அந்தச் செடியும் சாய்ந்தது. மூக்கன் தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாய் வாயில் கவ்விக்கொண்டு மலையிறங்கியது.

மறுவருடம் பாறையோரச் செடி காய்க்கவில்லை. "கன்று ஈன்ற களைப்பு" என்றது செம்பி. அடுத்த வருடமும் காய்க்கவில்லை. காளானையும் மரப்பட்டையையும் தின்று காத்திருந்தது.

நான்காம் வருடம் தோப்பே பூத்தது. மஞ்சள் பூச்சரங்கள் காற்றில் ஆடின. அந்த வருடம்தான் செம்பிக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. "இனி நமக்குப் பசியே இல்லை!" என்று அவற்றிடம் சொன்னது.

இலை உதிரும் காலம் வந்தது. ஒரு கொட்டைகூட இல்லை.

பல மலைகளைச் சுற்றிய மரங்கொத்தி ஒன்று அங்கே வந்து இறங்கியது.

"எல்லாம் ஒரே செடியின் கன்றுகளா?" என்று கேட்டது.

"ஆமாம்! பனிக்கு அசையாதவை!"

"ஹேசல் தன் மகரந்தத்தாலோ தன் கன்றுகளின் மகரந்தத்தாலோ காய்க்காது. வேறு வகைச் செடியின் மகரந்தம் காற்றில் வரவேண்டும். பக்கத்தில் வேறு செடியே இல்லையா?"

"இருந்தன. நான்தான் அழித்தேன்... இப்போது வேறு நட்டால்?"

"காய்க்க ஐந்து வருடமாகும்" என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி பறந்துபோனது.

மறுநாள் பனி விழத் தொடங்கிக் காளான்களை மூடியது. மரப்பட்டை மட்டும் குட்டிகளின் பசிக்குப் போதவில்லை. முதலில் சின்னக் குட்டி இறந்தது. மாதம் முடிவதற்குள் மற்ற இரண்டும் இறந்தன. வசந்தத்தில் தோப்பு மறுபடி பூத்துக் குலுங்கியது. செம்பி தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பலசாலி மட்டும் போதும் என்று எளியவரை அழிப்பவர், தம் பிள்ளைகளின் வாழ்வையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.