கொம்பு பூட்டிய நேரலை

ஒரு காட்டில் டிவி வந்துவிட்டது. ஆலமரத்தடியில் பாறை அகலத்துக்குத் திரை. அதை நடத்தியது ஒரு நரி. வேட்டைக்குப் போகச் சோம்பல், வாய் மட்டும் ஓயாது. நிகழ்ச்சி பார்க்க வருகிறவர்கள் கையோடு தீனி கொண்டுவர வேண்டும் என்பது அதன் சட்டம். கூட்டம் பெருத்தால் நரியின் தொந்தியும் பெருக்கும்.

திரையில் வரும் இரண்டு பேருக்கு ரசிகர்கள் ஏராளம். ஒருவன் சொக்கன் என்னும் புள்ளிமான். ஓடையை ஒரே தாவில் தாண்டுவான். இன்னொருவன் மாயன் என்னும் கடமான். புள்ளியே இல்லாத மண்நிறத் தோல். கொம்பை ஆட்டி அவன் ஆடினால் மயில்கூட எட்டிப் பார்க்கும்.

எத்தனை நாளைக்குத்தான் தாவலையும் ஆட்டத்தையும் பார்ப்பது? கூட்டம் குறைந்தது. நரியின் வயிறு ஒட்டியது.

நரி சொக்கனிடம் போனது. "தம்பி, சொல்லவே நாக்கு கூசுது. உன் புள்ளியெல்லாம் பூஞ்சை பிடிச்சதாம். மாயன் சொல்றான்."

அங்கிருந்து நேராக மாயனிடம் போனது. "அண்ணே, கோபப்படாதீங்க. உங்க தோல் சேத்துல புரண்ட தோலாம். சொக்கன் சொல்றான். கேட்டுட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

இரண்டு பேருமே, போய் ஒரு வார்த்தை கேட்போம் என்று நினைக்கவில்லை. சாயங்காலம் திரையில் பெரிய எழுத்து வந்தது: 'புள்ளியா, வெறுந்தோலா? ஞாயிற்றுக்கிழமை நேரலை.'

அவ்வளவுதான் கண்ணுகளா. அதுவரை மூக்கோடு மூக்கு உரசித் தண்ணீர் குடித்த மான்கள் ஓடைக்கு இந்தக் கரை, அந்தக் கரை என்று பிரிந்துவிட்டன.

"வெறுந்தோல் வாய் வைத்த தண்ணி எங்களுக்கு வேண்டாம்" என்றாள் சொக்கனின் அக்கா.

"மேலே குடிச்சவன் எச்சில்தானே தாயி கீழே ஓடி வருது" என்றது ஆமை. யார் காதிலும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காடே கூடியது. கேமரா பிடித்தது பச்சோந்தி. அதற்கு ஒரு கண் சொக்கன் மேல், ஒரு கண் மாயன் மேல். நரி இரண்டு பேர் கழுத்திலும் மைக் கட்டியது. மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்க வேண்டுமாம்.

முட்டினார்கள். விலகினார்கள். மறுபடி முட்டினார்கள். 'கடக்' என்று ஒரு சத்தம். கொம்போடு கொம்பு பூட்டிக்கொண்டது. இழுத்தார்கள், வரவில்லை.

"இழு, புள்ளி." "தள்ளு, வெறுந்தோல்." கூட்டம் கூத்தாடியது.

சொக்கனின் அக்காவுக்கு மட்டும் ஆபத்து புரிந்தது. கொம்பு பூட்டிக்கொண்ட மான் குனிந்து புல் மேய முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது. நாலு நாளில் இரண்டுமே செத்துவிடும்.

"ஐயா, பிரிச்சு விடுங்க" என்று அவள் நரியின் காலில் விழுந்தாள்.

நரி பச்சோந்தியைக் கூப்பிட்டது. "அந்தக் கண்ணீரைக் கிட்டப் போய் எடு." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நேயர்களே, நாலு நாளும் நேரலை. தீனியை மறக்காதீர்கள்" என்றது.

நடுவில் இரண்டு பேரும் மூக்கு இடிக்க நின்றார்கள்.

"நெல்லிக்காய் தின்னியா? வாசனை வருது" என்றான் மாயன்.

"காலையில தின்னேன். அது கிடக்கட்டும், என் புள்ளி பூஞ்சையாடா?"

"யார் சொன்னா?"

"நீ சொன்னியாம். நரி சொல்லுச்சு."

"அட, இலை வழியா வெயில் விழுந்த மாதிரி இருக்கே, எனக்கு அப்படி இல்லையேன்னு நானே ஏங்கிக்கிட்டிருக்கேன். நீதானே என் தோலைச் சேறுன்னு சொன்னே?"

"நானா? புலி வந்தா உன்னை மரம்னு நினைச்சுத் தாண்டிப் போயிடும். என் புள்ளி தூரத்துலயே பளிச்சுன்னு தெரியும். உன் தோல்மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?"

தலையைத் திருப்ப முடியவில்லை. அதனால் இரண்டு பேரும் கண்ணை மட்டும் நரியின் பக்கம் உருட்டினார்கள்.

கழுத்தில் மைக் இருந்ததல்லவா? அவ்வளவும் காடு முழுக்கக் கேட்டுவிட்டது.

"சத்தத்தில் சின்னக் கோளாறு" என்று நரி இருமியது. கூட்டம் முறைத்தது. நரிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "என்னை ஏன் முறைக்கிறீங்க? நான் சொன்னது ரெண்டு வார்த்தை. தீனியைச் சுமந்துக்கிட்டு வந்து முன்வரிசைக்கு முண்டியடிச்சது யாரு?"

சொக்கனின் அக்காதான் முதலில், கூட்டத்தை மறிக்க நரி போட்டிருந்த வேலியைத் தாண்டிக் குதித்தாள். "வாங்க, எல்லாரும் சேர்ந்துதானே பூட்டினோம்."

இழுத்தால் இறுகும். உள்ளே தள்ளித் திருப்பினால்தான் கழலும். புள்ளிமான்கள் மாயனுக்குத் தோள் கொடுத்தன, கடமான்கள் சொக்கனைத் தாங்கின. பச்சோந்தியும் கேமராவைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியது ஆமை. அது மூன்று சொல்வதற்குள் எல்லோருக்கும் மூச்சு முட்டிவிட்டது.

'கடக்.' கொம்பு கழன்றது. எல்லோரும் ஒரே குவியலாக விழுந்தார்கள்.

"இது யார் கால்?"

"என்னுதுதான். அதுமேல உட்கார்ந்திருக்கிறது யாரு?"

சிரித்துச் சிரித்து ஒருவராலும் எழுந்திருக்க முடியவில்லை.

திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த கேமரா ஒரு கட்டெறும்பைக் காட்டியது. திரைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. நரி மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "யாராவது கொஞ்சம் பாருங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

நீதி: தோலைச் சொல்லிச் சண்டை மூட்டுகிறவன் ஒருவன்தான். அவனுக்குச் சோறு போடுவது வேடிக்கை பார்க்கிற எல்லோரும்.