ஏழு வரி மருந்து

"என் தமிழ்ல என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க மேடம், போதும்" என்றார் அரங்கநாயகம்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் வீட்டிலிருந்தே மொழிபெயர்க்க வந்தவர் அவர். எதிரே உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கு அவர் வயதில் பாதிதான். ஆனால் பாளையங்கோட்டையில் மருந்தோடு வரும் குறிப்புத் தாள்களைத் தமிழாக்க வேண்டுமென்றால் எல்லாரும் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். ஆகவே அவர் கௌரவம் பார்க்காமல் மாணவராகி, மூன்று வாரமாக அவள் வீட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

வேலை தரும் நிறுவனம், அவர் அதுவரை அனுப்பிய பதினொரு தாள்களில் இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டது. தரம் போதாது என்று ஒரே ஒரு வரி. இன்னொன்றும் திரும்பினால் இனி வேலை இல்லை என்று மேலாளர் நயமாகச் சொல்லியிருந்தார். அந்த இன்னொன்றை அனுப்புவதற்கு முன்னால் ஜெசிந்தாவிடம் கொண்டு வந்திருந்தார். குழந்தைகளுக்கான மருந்து. பாட்டிலில் தூளாக வரும், வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுக்க வேண்டும்.

மனிதர் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. ஒற்றுப்பிழை கிடையாது. கேட்ட தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுவார். இதற்கு மேல் தரம் என்றால் என்ன, அது எந்தக் கடையில் கிடைக்கும்?

முதல் வாரம் அவள் சொன்னாள் என்று அகராதியை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தார். போன வாரம் சொன்னாள் என்று எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

ஜெசிந்தா ஆங்கிலத் தாளைப் படித்தாள். பிறகு தமிழை.

"இங்கிலீஷ்ல எட்டு வரி. உங்க தாள்ல ஏழு."

அவர் முகம் மலர்ந்தது.

"கவனிச்சிட்டீங்களே. இங்கிலீஷ்ல எழுதினவன் சொன்னதையே திரும்பச் சொல்றான் மேடம். கூறியது கூறல் குற்றம் இல்லையா? எப்பவும் போல ஒழுங்குபடுத்திட்டேன்."

அவள் எழுந்து கீழே இருந்த மருந்துக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து, அதே மருந்து பாட்டில் ஒன்றையும் ஒரு செம்பு ஆறின தண்ணீரையும் அவர் முன் வைத்தாள்.

"உங்க தாளைப் பார்த்துக் கலக்குங்க சார்."

மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்ள வந்தவனிடம் பாட்டிலை நீட்டுகிறாளே என்று அவர் விழித்தார். ஆனாலும் ஆசிரியை சொல்லிவிட்டாள். தன் தாளை ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தார். தூள் உதிரும்படி பாட்டிலைத் தட்டினார். பாட்டிலில் இருந்த குறி வரை தண்ணீர் ஊற்றினார். மூடிக் குலுக்கினார்.

நுரை அடங்கியது. தூள் கரைந்துவிட்டதில், குறியில் நின்ற மருந்து ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

அவர் தாளைப் பார்த்தார். அடுத்த வரி, ஐந்து மில்லி கொடுக்கவும் என்றது. பாட்டிலைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"குறிக்குக் கீழ நிக்குது மேடம்."

"உங்க தாள் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

ஆங்கிலத் தாளை இழுத்துப் பார்த்தார். குறி வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கவும். அதற்குக் கீழே, மறுபடி குறி வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கவும். அவர் எடுத்துவிட்ட வரி.

"இப்படியே குடுத்தா என்னாகும்?"

"மருந்து கெட்டியா இருக்கும். குழந்தைக்கு அளவு கூடிரும்."

சற்று முன்னால் பெருமையடித்துக்கொண்டதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வரியைச் சேர்த்து இன்றைக்கே அனுப்பினால் வேலை போகாது என்று ஜெசிந்தா ஆறுதலாகச் சொன்னாள். அவர் பேனாவைத் தொடவில்லை. கைப்பேசியை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டார். தாள் தயாரா என்று மறுமுனையில் கேட்டார்கள்.

"அது வரும் சார். நல்லாயிருக்குன்னு இதுவரைக்கும் எங்கிட்டருந்து ஒம்பது தாள் வாங்கிக்கிட்டீங்களே, முதல்ல அதையெல்லாம் திருப்பி அனுப்புங்க."