உப்புமலைக்கு எத்தனை நாள்

"இது அநியாயம்மா," என்றார் தெய்வசிகாமணி. வந்து உட்காரக்கூட இல்லை.

பொற்கொடி சிறுவர்களுக்காக எழுதும் மாயக்கதை வரிசையில் ஐந்து புத்தகங்கள் வந்திருந்தன. ஆறாவது மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். தெய்வசிகாமணி ஓய்வுபெற்ற சர்வேயர். தன்னைவிட இருபது வயது இளையவரைக் குருவாக ஏற்று, மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் கதை எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்.

மாயக்கதை என்றால் முதல் பக்கத்தில் வரைபடம் இருக்க வேண்டும். பிள்ளைகள் கதைக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். ஐந்து புத்தகத்திலும் அது இல்லாதது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, கதையிலுள்ள மலை, ஆறு, காடு அத்தனையையும் கணக்கிட்டு ஒன்று வரைந்து கொடுத்திருந்தார்.

பொற்கொடி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மனிதருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கதையிலுள்ள பிழையை வரைபடம் காட்டிக்கொடுத்ததால்தானே வேண்டாம் என்கிறீர்கள் என்று நேராகவே கேட்டார்.

"என்ன பிழை சார்?"

"முதல் புத்தகத்துல அந்தப் பொண்ணு வெண்ணி, நெருப்பாத்துலேருந்து உப்புமலைக்குத் தனியா நடக்குறா. மூணு நாள் ஆகுது. நாலாவது புத்தகத்துல அதே வழி. கூட ஒரு காலொடிஞ்ச யாளி வேற. நியாயமாப் பார்த்தா நாலு நாள் ஆகணும். ஒரே நாள்ல போயிடுறாங்க."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முப்பத்திரண்டு வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவரிடம் சொல்கிற பதிலா இது? வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் வெட்டுக்குத்து விழுகிற ஊர்களில் வேலை பார்த்தவர். சின்னப் பிள்ளைகள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற இளக்காரம் இது என்று முகத்துக்கு நேரே சொன்னார். இனி இந்த வாசலை மிதிக்கப் போவதில்லை என்றும் சொல்லி, வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பொற்கொடி செருப்பை மாட்டினார்.

"வாங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வர்றேன்."

பஸ் ஸ்டாண்டு மூன்று கிலோமீட்டர். வழியில் ஒரு மரம் கிடையாது. வாராவாரம் அந்தச் சாலையில் நடந்து வந்து, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் தெய்வசிகாமணிக்குப் பேச்சே வரும்.

இன்று பேச்சு நிற்கவில்லை. அரிசி ஆலையைத் தாண்டும்போது இரண்டாவது புத்தகத்துப் பாலத்தைப் பிடித்துக்கொண்டார். செங்கல் சூளை வந்தபோது, ஐந்தாவது புத்தகத்துக் குகைக்கு வாசல் எந்தத் திசை என்று கேட்டு, பதிலையும் அவரே சொன்னார். பொற்கொடி சிலதற்கு ஆமாம் என்றார், சிலதற்குச் சிரித்தார், குகை விஷயத்தில் மட்டும் விடாமல் சண்டை போட்டார். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

மூன்றாவது புத்தகத்தை ஆரம்பிக்கும்போது பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு?"

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

பொற்கொடி பேனாவை நீட்டினார்.

"உப்புமலைக்கு எத்தனை நாள்னு உங்க படத்துல நீங்களே போடுங்க, சார்."

பஸ் கிளம்பிப் போனது. தெய்வசிகாமணி ஏறவில்லை.