உள்வாசல் கணக்கு

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு விசித்திரமான ஆசை ஒன்று இருந்தது. தினமும் எழுந்ததும், தன் உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒன்பது வைத்தியர்கள் நாடி பிடித்துச் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் சொன்னால் போதாது. அந்த ஊரில் இருந்ததே ஒன்பது வைத்தியர்கள்தான்.

அரசர் கெட்டவர் இல்லை. குடிகளுக்கு இலவச வைத்தியசாலை கட்டிக் கொடுத்தவர். காலையில் எழுவதுதான் அவருக்கு வராது. சூரியன் உதித்துப் பத்து நாழிகை ஆன பிறகே கண் திறப்பார். அதுவரை ஒன்பது பேரும் அரண்மனையில் கை கட்டி நிற்பார்கள். வைத்தியசாலை வாசலில் நோயாளிகள் நிற்பார்கள்.

அந்த அரசவையில் விடங்கன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் மனைவியின் தம்பி பெரியாண்டி செக்காட்டிப் பிழைப்பவன். பெரியாண்டியின் குதிகாலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. நான்கு நாள் வைத்தியசாலைக்கு நடந்தான். நான்கு நாளும் அவன் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்து கதவை மூடிவிட்டார்கள். நான்காம் நாள் முழங்கால்வரை வீக்கம்.

“ஒங்க ராசாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாமா? சிரிக்க வைக்கிறதுக்குத்தான் சோறு போடுறாரு, தெரியும். ஆனா இந்தக் கால் போயிட்டா ஒங்க அக்காளுக்கா பதில் சொல்லுவீங்க, என் அக்காளுக்குத்தான் சொல்லணும்.”

விடங்கன் அன்று மாலையே சபையில் பேச்சை எடுத்தான்.

“அரசே, வைத்தியசாலையில் மக்கள் நாள் முழுதும் காத்துக் கிடக்கிறார்கள்.”

வைத்தியசாலையின் மேற்பார்வை வல்லபராயரிடம் இருந்தது. அவருக்கு விடங்கனைப் பிடிக்காது. விடங்கன் பேசினால் அரசர் சிரிப்பார். வல்லபராயர் பேசினால் கொட்டாவி விடுவார். வேறு காரணம் இல்லை.

“அபாண்டம், அரசே” என்றார் வல்லபராயர். “நாழிகை வட்டில் வைத்து அளக்கிறோம். எந்த நோயாளியும் ஒரு நாழிகைக்கு மேல் காத்திருந்ததில்லை.”

“எங்கிருந்து அளக்கிறீர்கள்?” என்று கேட்டான் விடங்கன்.

“உள்வாசலைத் தாண்டியதிலிருந்து.”

“வெளியே வேப்பமரத்தடியில் நூறு பேர் கிடக்கிறார்களே, அவர்கள்?”

“அவர்கள் நோயாளிகள் இல்லை. தெருவில் நிற்பவர்கள்.”

வல்லபராயர் இதை முகம் மாறாமல் சொன்னார். அரசருக்கு இருவர் மேலும் எரிச்சல் வந்தது.

“குறை சொல்வது எளிது, விடங்கா. நீயே சரிசெய். நாளை முதல் நோயாளி எவரும் ஒரு நாழிகைக்கு மேல் காத்திருக்கக் கூடாது. இது என் ஆணை” என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

வல்லபராயர் உடனே எழுந்தார். “புதிதாக வைத்தியர் எவரையும் சேர்க்கக் கூடாது, அரசே. வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. தங்கள் நாடியைப் பார்க்கும் வழக்கத்திலும் கை வைக்கக் கூடாது. முடியாவிட்டால் இவன் நாட்டின் எல்லையைத் தாண்டிப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர்.

விடங்கன் வீட்டுக்குப் போகவில்லை. முத்திரை மோதிரத்தைக் காட்டி ஊர் முழுக்கத் தண்டோரா போட வைத்தான். உயிருக்கு அவசரம் என்றால் விடியும்போதே வரலாம். மற்றவர்களில் குயவர் தெரு முதல் நாழிகைக்கு, நெசவாளர் தெரு இரண்டாம் நாழிகைக்கு, இப்படித் தெருவுக்கு ஒரு நாழிகை. வர வேண்டிய இடம் வைத்தியசாலை அல்ல, அரண்மனைக் கூடம்.

விடிந்தது. வைத்தியர்கள் வழக்கம்போல் அரண்மனைக்கு வந்தார்கள். நிற்பதற்குப் பதில் உட்கார்ந்தார்கள். நோயாளிகள் வந்தார்கள். பெரியாண்டியைத்தான் முதலில் தூக்கி வந்தார்கள். வைத்தியர் சீழைக் கீறி எடுத்துக் கட்டுப் போட்டார். உச்சிவரை நடக்கக் கூடாது என்று வெளிக்கூடத்துப் பலகையில் படுக்க வைத்தார்.

பத்தாம் நாழிகையில் அரசர் கொட்டாவியோடு வெளியே வந்தார். மகுடம் இல்லை, நகை இல்லை, இடுப்பில் ஒரு வேட்டி. வைத்தியர்கள் இருந்த கூடத்தின் உள்வாசலில் விடங்கன் மறித்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

“சற்று உட்காருங்கள், அரசே.”

“என்ன இது? நாடி பார்க்க வேண்டாமா?”

“பார்ப்பார்கள். ஆனால் நோயாளி எவரும் ஒரு நாழிகைக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பது ஆணை. தாங்கள் நோயாளி இல்லை. நேற்றுகூட ஒன்பது பேர் சொன்னார்கள். தங்கள் முறை கடைசியில்தான்.”

அரசர் தன் ஆணைக்குத் தானே கட்டுப்பட்டார். வெளிக்கூடத்துப் பலகைக்குப் போய்ப் பெரியாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியாண்டி அவரை நாணயத்தில்தான் பார்த்திருக்கிறான். நாணயத்தில் இருந்தவருக்குத் தொந்தி இல்லை.

“ஒமக்கு என்னய்யா நோவு?”

“ஒன்றும் இல்லை.”

“பின்ன எதுக்கு இங்க குந்தியிருக்கீரு?”

“நன்றாக இருக்கிறேன் என்று வைத்தியர்கள் சொல்ல வேண்டும்.”

பெரியாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தான். “அதுக்கு வைத்தியரா? வீட்ல பொண்டாட்டி இல்லியா? ரெண்டு வேளை ஒழுங்காத் தின்னா அவளே சொல்லிருவா.”

அரசர் சிரித்துவிட்டார். பெரியாண்டி காலை மெல்ல நீட்டி வைத்தான்.

“நான் நாலு நாளா வேப்பமரத்தடியில கெடந்தேன். இன்னைக்கும் பாக்காம விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டியிருக்கும்னாரு வைத்தியர். உச்சிவரைக்கும் நடக்கக் கூடாதாம். செக்கு மாடு நொண்டுனா வேற மாடு பூட்டலாம். நான் நொண்டுனா?”

அரசர் அதற்குச் சிரிக்கவில்லை. குனிந்து அவன் குதிகாலில் சுற்றியிருந்த கட்டுத் துணியைப் பார்த்தார். கடைசித் தெருவும் உள்ளே போனது. சபைக்கு நேரமாகிறது என்று வல்லபராயர் தேடிக்கொண்டு வந்து, அரசர் பலகையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றார்.

“விடங்கா, நான் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன்?” என்று கேட்டார் அரசர்.

“என் கணக்கில் மூன்று நாழிகை. வல்லபராயர் கணக்கில் இன்னும் தொடங்கவே இல்லை. தாங்கள் உள்வாசலைத் தாண்டவில்லையே. தெருவில் நிற்பவர்.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியாண்டிக்கு அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் யாரென்று புரிந்தது. எழப் பார்த்தான். அரசர் அவன் தோளை அழுத்தித் தடுத்தார்.

“உச்சிவரை நடக்கக் கூடாது என்றாரல்லவா? படு. வல்லபராயரே, இனி வைத்தியர்கள் விடியும்போது வைத்தியசாலையில் இருப்பார்கள். நீர் வட்டிலை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போம். அங்கிருந்து அளந்து எனக்குச் சொல்லும். விடங்கா, உனக்கு என் முத்துமாலை. கருவூலத்திலிருந்து ஒரு நாழிகையில் வரும்.”

“எந்த வாசலிலிருந்து கணக்கு, அரசே?”

அரசர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். கருவூலத்துக்கு ஆள் அனுப்பாமல் தானே எழுந்து நடந்தார். அன்று அவர் நாடியை யாரும் பார்க்கவில்லை. அவர் நன்றாகத்தான் இருந்தார்.