சாம்பல் பூசாத ண

"அச்சுல சாம்பல் நிறம் கிடையாது, டீச்சர். மை பட்டா எழுத்து, படலைன்னா தாள். இந்தத் திரையில மட்டும் எதுக்கு இந்தப் பூச்சு?"

கேட்டவள் மாரிக்கனி. வயது நாற்பத்தாறு. எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, சிவகாசி அச்சகத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, கணினி, போன் திரைகளுக்கு எழுத்து அமைக்கக் கற்றுக்கொள்ள வந்தவள்.

டீச்சர் நஸீமாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஒரு 'ண'வைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள்.

எழுத்து முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். வளைவு போன வழியில் சில கட்டங்கள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்தன.

"இந்தக் கட்டம் எழுத்தா, தாளா?"

"ரெண்டுமில்ல."

"அதான் பாதிக் கறுப்பு. தள்ளி நின்னு பார்த்தா வளைவு வழவழன்னு தெரியும்."

"கண்ணை ஏமாத்துறது."

"ஆமா."

"எனக்கு அது வராது."

நஸீமா சிரித்தாள். "அக்கா, இந்த எழுத்து இன்னிக்கு முடியணும். இல்லைன்னா உங்களை இங்க வச்சுக்க முடியாது. மேல கேக்கிறாங்க."

அச்சகத்தில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்தாயிற்று. இந்த வயசில் என்ன படிப்பு என்று கேட்டவர்கள் தெருவில் நிறையப் பேர்.

ஆனாலும் சாம்பலைத் தொடவில்லை.

ஓரத்துக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொன்னாள். நீ உள்ளே. நீ வெளியே.

முடித்ததும் அதைப் புதிதாக வந்திருந்த திரையில் போட்டாள். அந்தத் திரையில் கட்டங்கள் கண்ணுக்கே தெரியாத பொடிசு. 'ண' இப்போதுதான் மெஷினிலிருந்து இறங்கிய தாள் மாதிரி நின்றது.

மை காய்ந்துவிட்டதா என்று மாரிக்கனி விரலால் தடவிப் பார்த்தாள். பழக்கம். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதுல ஒட்டாது, அக்கா."

"தெரியும். பாத்தீங்களா டீச்சர், சாம்பல் எங்க?"

"நல்லா இருக்கு. உங்க போனை எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்களேன்."

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தாள். மகன் வேண்டாமென்று ஒதுக்கிய போன். நஸீமா அந்த எழுத்தை அதற்கு அனுப்பினாள், படிக்கிற அளவில்.

மூன்று சுழியும் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பு. மை அப்பிய தாள் போல. அச்சகமாக இருந்தால் மாரிக்கனியே கசக்கி எறிந்திருப்பாள்.

"போன் ஓட்டை."

"ஊர்ல பாதிப் பேர் கையில அதான் இருக்கு."

"எல்லாரும் புதுசு வாங்கட்டும்."

"நீங்க எப்ப வாங்குறீங்க?"

மாரிக்கனி போனை மேசைமேல் வைத்தாள்.

நஸீமா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். "சுழிக்குள்ள கொஞ்சம் சாம்பல் வைங்க. அஞ்சு நிமிஷ வேலை. வீட்டுக்குப் போலாம்."

"மாட்டேன்."

"அடைச்சிருக்கே."

"சாம்பல் வச்சா அடைப்பு மங்கும். திறக்காது."

"அந்தப் போன்ல கட்டம் இவ்வளவுதான். உங்களுக்காக அது நகராது, அக்கா."

மாரிக்கனி கோபத்தோடு கட்டங்களைப் பார்த்தாள். சுழியைப் பார்த்தாள். திரும்பவும் கட்டங்களைப் பார்த்தாள்.

பிறகு சுழிக்குப் பக்கத்துக் கோட்டைப் பிடித்து ஒரு கட்டம் தள்ளி உட்கார வைத்தாள். உள்ளே துளி வெள்ளை எட்டிப் பார்த்தது.

"கட்டம் நகர வேண்டாம். எழுத்தை நகத்துறேன்."

"இந்த எழுத்தை வரைஞ்சவர் கொடுத்த வடிவம் கெட்டுப்போகும்."

"கெடட்டும்."

"எவ்வளவு தூரம் நகத்துவீங்க?"

"படிக்க வர்ற வரைக்கும்."

அடுத்த கோட்டைப் பிடித்துவிட்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

நஸீமா எழுந்து போய்ப் புதுத் திரையை அணைத்தாள்.

"நாளைக்கு 'ஞ' எடுங்க, அக்கா" என்றாள்.